தேயிலைப் பெட்டிக்குள் ஒரு கொம்பியூட்டர்

11.02.2003 – செவ்வாய்

இன்றைக்கு ஒரு பொய் சொல்லிவிட்டேன். வாயால்கூட இல்லை. கையைத் தூக்கினேன், அவ்வளவுதான்.

காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்டு ஒபிசுக்கு வந்த தோட்டத்து மனேஜர், எங்கள் பெரிய துரை, கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை கிளாக்கர்கள் இருவருக்கும் வாசித்தார். செக்ரோல் புத்தகம் – நானூற்றுப் பன்னிரண்டு பேரின் வேலை நாளையும் சம்பளத்தையும் நாங்கள் கையால் எழுதிக் கிழிக்கிறோமே, அது – செப்டம்பரிலிருந்து கொம்பியூட்டருக்குப் போகிறதாம். அதன் பிறகு தோட்டத்துக்கு ஒரு கிளாக்கர் போதுமாம். யார் அந்த ஒருவர் என்று ஆகஸ்டில் ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பார்ப்பார்களாம்.

"கொம்பியூட்டர் தெரிஞ்சது யாரு?" என்று கேட்டார்.

எதிர் மேசை சதீஸ்குமார் கையைத் தூக்கினான். அவன் என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன். அவன் கை எழும்பினால் என் கையும் எழும்பிவிடும். பதினோரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்ததில் வந்த வியாதி.

நான் கொம்பியூட்டரைக் கண்டது ஒரே ஒரு தடவை. ஹட்டன் வங்கியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அதுவும் அதன் முதுகை.

12.02.2003 – புதன்

என் மனைவி பூரணியிடம் சொன்னேன். லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "வேல போனா வீடு?" என்றாள்.

அதுதான். இந்த குவாட்டர்ஸ் வேலையோடு ஒட்டிய வீடு. கிளாக்கராக இருக்கிற வரைதான் இந்தச் சுவர், இந்தத் தண்ணீர்க் குழாய், அவளுடைய லீக்ஸ் பாத்தி. இருபத்திரண்டு வருடமாக நட்டுப் பிடுங்கிய மண்ணில் ஒரு பிடிகூட எங்கள் பேரில் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் இதை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

16.02.2003 – ஞாயிறு

ஹட்டனில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துவது ரஜிதா. கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளைதான். கெட்டிக்காரி. ஆனால் அவளுக்கு ஒன்று தெரிந்தால் ரயில்வே ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் சொன்னதற்குச் சமம். "தெரியும்னு கை தூக்குன கிளாக்கரய்யா எங்கிட்ட ஏ, பீ, சீ தட்டிக்கிட்டிருக்காரு" – அடுத்த நாள் பெரட்டுக்களத்தில் இதுதான் பேச்சாக இருக்கும்.

இதை நான் சொல்லக்கூடாது. இந்தத் தோட்டத்தில் யார் வீட்டில் என்ன வேகிறது என்று எட்டு லயத்துக்கும் பரிமாறுகிறவன் நான்தான். அதனால்தான் இவ்வளவு பயம். சமைக்கிறவனுக்குத்தானே தெரியும், என்ன போட்டிருக்கிறதென்று.

23.02.2003 – ஞாயிறு

ஹட்டனில் புடைவைக் கடை மாடியில் மயூரதன் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பையன் – பையன் என்ன, நாற்பது வயதிருக்கும் – பழைய கொம்பியூட்டர்ச் சாமான் விற்கிறான். நோயாளியைப் போல அவன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஊரில் அவனுக்கு உறவுமில்லை, வம்புமில்லை. நல்ல மருந்து.

"அண்ணை, புதுசு எண்டா கொம்பனிக்காரன் தவணைக்குத் தருவான். ஆனா உங்கட துரையிட்ட கையெழுத்து வேணும். துண்டு துண்டா வாங்கி நீங்களே பூட்டினா அரைவாசி விலையில முடிஞ்சிடும். ஒருத்தருக்கும் தெரியாது."

"நானே பூட்டுறதா?"

"ஏன், உங்களுக்குக் கை இல்லையே?"

கை இருக்கிறது. அந்தக் கைதானே இந்த வேலையைச் செய்தது.

02.03.2003 – ஞாயிறு

நாள் முழுக்க யோசனை. புதிதாக வாங்கினால் துரையிடம் கடிதத்தை நீட்ட வேண்டும். என்ன தேவைக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. கொம்பியூட்டர் தெரிந்தவன் கொம்பியூட்டர் பழகக் கடன் கேட்கிறான் என்று எழுதலாம். துரை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைப்பார்.

நானே பூட்டினால்? பூரணி அதற்குச் சொன்னது:

"அயன்பொக்ஸக் கழட்டி மூணு ஆணிய மிச்சம் வச்சவருதானே நீங்க."

"அது இன்னும் சுடுதில்ல?"

"தொட்டா சுடுது. துணியில சுடல."

09.03.2003 – ஞாயிறு

முடிவெடுக்கவில்லை. மழையும் முடிவெடுக்கவில்லை.

14.03.2003 – வெள்ளி

பெக்டரியில் பொதி கட்டும் அறையிலிருந்து பத்துக் கிலோ தேயிலை காணாமல் போயிருக்கிறது. போன ஞாயிறு பின்னேரம், மெஷின் எல்லாம் நின்றிருந்த நேரத்தில். ஸ்டாப் கிளப்பில் எல்லோரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காவல்காரன் அழகன் அழாத குறை. சும்மா இருக்க முடிகிறதா எனக்கு?

"கள்ளன் வெவரமான ஆளுப்பா. பெக்டரி எப்ப ஓடும், எப்ப தூங்கும்னு பஞ்சாங்கம் வச்சிருக்கான்" என்றேன். அழகன்கூடச் சிரித்துவிட்டான். வீடு வந்து சேருவதற்குள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பெண்கள், "அந்தப் பஞ்சாங்கக்காரன் யாருன்னு தெரிஞ்சிச்சா?" என்று பேசிக்கொண்டு போனார்கள். கள்ளனுக்குப் பேர் வைத்தாயிற்று. என் பகிடி நடந்த வேகத்தில் நான் ஒரு நாளும் நடந்ததில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

30.03.2003 – ஞாயிறு

முடிவெடுத்தேன். அல்லது மயூரதன் எனக்காக எடுத்துவிட்டான். "நல்ல மதர்போர்ட் ஒண்டு வந்திருக்கு அண்ணை, நாளைக்கு இருக்காது" என்றான். வாங்கிவிட்டேன். யாரும் காணாமல் கொண்டுவர மாலு பணிஸ் – மீன் வைத்த பன் – வாங்கிய பையில் போட்டு மடியில் வைத்தேன். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது மேல்லயத்து லெட்சுமி, பேரப்பிள்ளையோடு.

"பணிஸாங்கய்யா? புள்ளைக்கி ஒன்னு குடுங்களேன். பசிக்கிதுன்னு அழுகுது."

"இது... கெட்டுப்போச்சும்மா."

"கெட்டதையா வாங்கிட்டு வாறீங்க?"

"மலிவா குடுத்தான்."

அவள் என்னைப் பார்த்த பார்வை! கிளாக்கர் வீட்டில் இனி ஊசிப்போன பணிஸ்தான் சாப்பாடு என்று நாளைக்குப் பேசுவார்கள். பேசட்டும். இதைவிட நல்ல பொய் எனக்குக் கிடைக்கவில்லை.

13.04.2003 – ஞாயிறு

நாளைக்கு வருடப்பிறப்பு. மொனிட்டர், கீபோர்ட், ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒவ்வொரு ஞாயிறாக வந்து சேர்ந்துவிட்டன. இல்லாதது கேசிங். மயூரதன் காட்டிய தகரப் பெட்டி ஆட்டுக்கல் கனம். பஸ்ஸில் மறைக்கவும் முடியாது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெக்டரிக்குப் பின்னால் பழைய தேயிலைப் பெட்டிகள் கிடக்கின்றன. எப்போது கடதாசிப் பையில் தேயிலை போடத் தொடங்கினார்களோ, அப்போதிருந்து பலகைப் பெட்டிக்கு வேலையில்லை; ஸ்டாப் வீடுகளில் ஸ்டூலாகவும் கோழிக்கூடாகவும் ஆகிவிட்டன. அழகனிடம் ஒன்று கேட்டேன். தலையில் தூக்கி வந்து வைத்துவிட்டு ஒரு சுருட்டு வாங்கிக்கொண்டு போனான். பெட்டியின் நாலு பக்கமும் தோட்டத்தின் பேரும் முத்திரையும் கறுப்பு மையில். பார்க்க ஒரு களைதான்.

மயூரதனிடம் சொன்னபோது வாயைப் பிளந்தான். "உள்ளுக்கு ஈயத்தாள் ஒட்டியிருக்குமே! உரிச்சுப்போடுங்கோ அண்ணை. இல்லாட்டி பட்டவுடன எல்லாம் எரிஞ்சுபோம்."

சுரண்டிச் சுரண்டி உரித்தேன். விரல் நகத்துக்குள் இன்னும் மினுங்குகிறது.

20.04.2003 – ஞாயிறு

ஓடியது!

மயூரதன் படம் போட்டுக் கொடுத்த கடதாசியைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினேன். இந்த முறை மிச்சம் வந்தது ஒரே ஒரு ஆணி. சுவிட்சைப் போட்டதும் தேயிலைப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு காற்று வந்தது, தேயிலை வாசத்தோடு. திரை நீலமாக விரிந்தது. பூரணி கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"சுடுதா?" என்றாள்.

"இல்ல. வேல செய்யுது."

"அப்ப அயன்பொக்ஸையும் இதுக்குள்ளயே பூட்டியிருக்கலாமே."

நான் பூட்டியது. நான். என் கையால்.

21.04.2003 – திங்கள்

மாலை ஐந்தரைக்குப் போட்டேன். நீலம் வந்தது, சிணுங்கியது, அணைந்தது. மறுபடி போட்டேன். அதே.

06.05.2003 – செவ்வாய்

விஷயம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

பெக்டரிக்கும் எங்கள் குவாட்டர்ஸுக்கும் ஒரே கரண்ட் கம்பி. மாலையில் கொழுந்து வந்ததும் அதை வாட வைக்கும் பெரிய விசிறிகளைப் போடுவார்கள். அவை சுழலத் தொடங்கினால் வீட்டு பல்ப் பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வரும். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற நிறம்தான்; பல்ப் அதைப் பொறுத்துக்கொள்ளும், கொம்பியூட்டர் பொறுக்காது. மயூரதன் மீட்டர் தந்தான். இருநூற்று முப்பது காட்ட வேண்டிய இடத்தில் நூற்றைம்பது. ஸ்டெபிலைசரும் தந்தான். அது டக், டக் என்று இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தானும் அணைகிறது.

"பொல்பிட்டியவில உண்டாகிற கரண்ட் கொழும்பு வரைக்கும் போகுது. உங்கட வீட்டுக்கு வர ஏலாதாமே?" என்றான்.

ஏலாதாம். பொல்பிட்டியவுக்கு என்னைப் போல ‘ஏலும்’ என்று கை தூக்கத் தெரியாது போல.

15.05.2003 – வியாழன், வெசாக் போயா

பௌர்ணமி விடுமுறை, பெக்டரிக்கும் லீவு. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை கொம்பியூட்டர் குழந்தை மாதிரி இருந்தது. செக்ரோலிலிருந்து நூற்றிருபது பேரின் பேரை அடித்தேன். பரீட்சையும் இதுதானாம் – பேர், நாள், சம்பளம்.

பிறப்பு, ஞானம், மறைவு என்று புத்தர் மூன்று விஷயத்துக்காக இந்த நாளில் நினைக்கப்படுகிறார். நான் நான்காவதைச் சேர்த்தேன்: பல்ப் வெள்ளையாக எரிந்தது.

08.06.2003 – ஞாயிறு

கொழுந்து பொங்குகிற காலம். எல்லோருக்கும் சந்தோஷம்; கூடப் பறித்த கிலோவுக்குக் கைக்காசு, கூடுதல் நாள் வேலை. நான் மட்டும் ஒபிசில் உட்கார்ந்து கிலோக் கணக்கைப் பார்த்து வயிறெரிகிறேன். மூவாயிரம் கிலோவுக்குமேல் கொழுந்து வந்தால் எல்லா விசிறியும் ஓடும். எனக்குக் கொம்பியூட்டர் இல்லை. தோட்டம் நட்டத்தில் போகாதா, பூச்சி விழாதா, ஸ்ட்ரைக் வராதா என்று கும்பிடுகிற ஒரே கிளாக்கர் இந்தத் திம்புள்ளப் பக்கத்தில் நானாகத்தான் இருப்பேன்.

ஆகவே ஒரு தாள் எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி, கொழுந்து எத்தனை கிலோ, விசிறி எத்தனை மணிக்கு நின்றது, பெக்டரி எப்போது அடங்கும். போகிற வழியில் அழகனிடம் விசாரித்து நிரப்புவேன். ஞாயிறு இரண்டிலிருந்து ஆறு வரை நிச்சயம். பூரணியும் கோயிலில் இருப்பாள், பகிடி பண்ண ஆளில்லை. தாளுக்கு ஒரு தலைப்பு வேண்டுமே. என் பகிடியை நானே விட்டுவிட மனமில்லாமல் மேலே கொட்டை எழுத்தில் எழுதினேன்: பஞ்சாங்கம்.

29.06.2003 – ஞாயிறு

மணிக்கு முப்பது பேரின் பேர்தான் அடிக்க முடிகிறது. சதீஸ்குமார் நூறு பேர் அடிப்பானாம். ஆகஸ்டுக்குள் இன்றையும் சேர்த்து ஐந்து ஞாயிறுதான் மிச்சம். ஐந்து ஞாயிறு, நாலு நாலு மணித்தியாலம். இருபது மணித்தியாலத்தில் ஒருவன் என்ன ஆவான்? நீந்தப் பழகலாம். அதுவும் தண்ணீர் இருந்தால்.

08.07.2003 – செவ்வாய்

பஞ்சாங்கத்தைக் காணோம். மேசை லாச்சியில் இல்லை, சட்டைப் பையில் இல்லை. நேற்றுச் செக்ரோலில் கோடு போட அடியில் ஒரு தாள் வைத்தேன்... ஐயோ. புத்தகம் கையெழுத்துக்குத் துரையின் பங்களாவுக்குப் போயிருக்கிறது.

09.07.2003 – புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு என்னை ஒபிசிலிருந்து ஏற்றிக்கொண்டு ஜீப் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. பெரிய துரை, சதீஸ்குமார், அழகன். துரைக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வாசலில் நின்றபடியே சதீஸ்குமாரைத் தாளை வாசிக்கச் சொன்னார். அவன் என்னைப் பார்க்காமல் வாசித்தான்.

"பஞ்சாங்கம். ஞாயிறு ரெண்டிலிருந்து ஆறு, யாரும் இல்லை, மிக நல்லது. போயா, முழு நாளும், ராஜயோகம். அழகனிடம் இனிக் கேட்காதே, முறைக்கிறான்."

என் தமிழ் இவ்வளவு கேவலமாகக் காதில் விழுந்ததே இல்லை.

"கேட்டாருங்க தொர," என்றான் அழகன். "எப்ப விசிறி நிக்கும், எப்ப பெக்டரி அடங்கும்னு தெனமும் கேட்டாருங்க. பொட்டியும் நாந்தாங்க தூக்கியாந்து குடுத்தேன்."

உள்ளே வந்தார்கள். மூலையில் போர்வை மூடிய தேயிலைப் பெட்டி. தோட்டத்தின் முத்திரை போர்வைக்குக் கீழே எட்டிப் பார்க்கிறது. பூரணி மண் கையோடு ஓடி வந்து கதவில் நின்றாள்.

"தங்கவேலு, பெட்டிய தொற."

திறந்தேன். துரை குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பச்சைத் தகடும் வயரும் ஒரு விசிறியும். அழகன் கையை விட்டுத் தேயிலை இருக்கிறதா என்று துழாவப் போனான், துரை தடுத்தார். முகத்தில் சிரிப்பு வந்ததா, வேறு ஏதுமா, தெரியவில்லை.

"இது நீ செஞ்சதா?"

"ஆமா தொர. பரீட்சைக்கிப் பழக... கரண்டுக்காகத்தான் அந்தத் தாளு. வேற ஒன்னுமில்ல."

"போட்டுக் காட்டு."

புதன்கிழமை. மூன்று மணி. மத்தியானத்துக்கே நாலாயிரத்துச் சொச்சம் கிலோ கொழுந்து. விசிறி, கொழுந்து சுருட்டும் ரோலர், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, தரையே அதிர்ந்தது. போட்டேன். டக், டக். அணைந்தது. மறுபடி. டக், டக். நாலு தடவை போட்டேன். அதற்குமேல் போட வெட்கமாக இருந்தது.

துரை மெதுவாகத்தான் சொன்னார். "நீ கள்ளன் இல்ல தங்கவேலு. எனக்கு வெளங்குது. ஆனா பெப்ரவரியில கை தூக்கினியே, அது என்ன?"

நான் போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

பூரணிதான் பேசினாள். "அவருக்குத் தெரியும்ங்க தொர. ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கி வந்து பாருங்க. எல்லாம் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் பகிடிக்குச் சொல்லவில்லை.

15.07.2003 – செவ்வாய்

செக்ரோல் என் மேசைக்கு வரவில்லை. பென்சில் சீவினேன். ஏழு பென்சில்.

12.08.2003 – செவ்வாய்

பரீட்சை நடந்ததாம். என்னைக் கூப்பிடவில்லை. பொய் சொன்னவனைச் சம்பளக் கணக்கில் வைக்க முடியாது என்று கொழும்புக்கு எழுதிவிட்டார்களாம். நியாயம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன், அதோடு நாலு லயத்துக்குச் சொல்லியும் இருப்பேன்.

மாலையில் சதீஸ்குமார் வந்தான். தேத்தண்ணி குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, அன்னைக்கி எழுதியிருந்ததத்தான் வாசிச்சேன்."

"நல்லா வாசிச்ச. நிறுத்தி நிறுத்தி."

"பரீட்சைய ஞாயித்துக்கெழம உங்க வீட்டுலயே வைக்கச் சொல்லித் தொரைக்கிட்ட கேட்டுப் பாத்தேண்ணே. கேக்கல."

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

28.09.2003 – ஞாயிறு

பெக்டரியில் மறுபடி ஆறு கிலோ காணோமாம். வேலையோடு குவாட்டர்ஸும் போகிறதே, அந்த நேரம் நானும் பூரணியும் கினிகத்தேனையில் வாடகை வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். லயத்தில் யாரும் நம்பவில்லை. பஞ்சாங்கக்காரன் இப்போது ஆள் வைத்துச் செய்கிறானாம். இந்தத் தோட்டத்தில் நான் சொன்னதிலேயே நிலைத்தது இந்த ஒன்றுதான்.

26.10.2003 – ஞாயிறு

தீபாவளி முடிந்து இரண்டு நாள். இன்று சாவியை ஒப்படைத்தோம். தோட்டத்து முத்திரை உள்ளது எதுவும் வெளியே போகக்கூடாதாம். தேயிலைப் பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். உள்ளே இருந்ததைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இந்த முறை யாரும் பணிஸா என்று கேட்கவில்லை.

லீக்ஸ் இன்னும் விரல் பருமன்கூட வரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அப்படியும் பூரணி வாளி எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். லொறிக்காரன் இரண்டு தடவை ஹோர்ன் அடித்தான்.

18.01.2004 – ஞாயிறு, கினிகத்தேனை

சூடு. இங்கே லீக்ஸ் வராது. பூரணி கேட்டுப் பார்த்துவிட்டாள். பின்னால் சீமெந்துத் தரைதான், மண் இருந்தாலும் வராதாம்.

கரண்ட் இருநூற்று முப்பது. காலையும் அதுதான், மாலையும் அதுதான். பக்கத்திலேயே பொல்பிட்டிய, கரண்டின் தாய்வீட்டில் வந்து குடியிருக்கிறோம். மாலை ஐந்தரை ஆனால் மட்டும் என் காது தானாக விசிறியைத் தேடுகிறது. பல்பைப் பார்க்கிறேன். வெள்ளையாகவே எரிகிறது.

கொம்பியூட்டர் ஒரு பிஸ்கட் அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது. இன்றைக்குச் சும்மா இருக்க முடியாமல் செக்ரோலை அடிக்கத் தொடங்கினேன். புத்தகம் இல்லாமல், நினைவிலிருந்து. முதலாம் நம்பர் அழகம்மா, இரண்டாம் நம்பர் ராசம்மா... வரிசை மாறாமல் வந்தது. கீபோர்ட்டைப் பார்க்கவே இல்லை. நானூற்றுப் பன்னிரண்டாவது பேரை அடித்து முடித்துவிட்டு மணியைப் பார்த்தேன். மூன்றரை மணித்தியாலம். மணிக்கு நூற்றுப் பதினெட்டுப் பேர். ஒரு பிழைகூட இல்லை என்று நினைக்கிறேன். சரிபார்க்க யார்?

பூரணி பின்னால் வந்து நின்றாள். இப்போதெல்லாம் பின்னேரம் அவள் இதில் சீட்டு விளையாடுகிறாள். என்னைவிட நன்றாக விளையாடுகிறாள்.

"முடிஞ்சிச்சாங்க?"

"முடிஞ்சிச்சு."

மூடும்போது, எழுதியதைப் பத்திரப்படுத்தவா என்று கொம்பியூட்டர் கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு எழும்பி அவளுக்குக் கதிரையை விட்டேன்.